சுண்ணாம்பும் சென்னாக்குன்னியும்

போன வாரம் எங்க வீட்டுக் கடல் தொட்டியோட போட்டோ ஒண்ணு போட்டிருந்தேன் இல்லையா, அதுக்கு வந்த பின்னூட்டங்கள்ல பாதிக்கு மேல ஒரே கேள்விதான். "தல, அது பவளப்பாறைதானே? எங்க கிடைக்குது? என்ன விலை? என்ன சாப்பாடு போடறீங்க?" தனித்தனியா பதில் சொல்லி மாளலை. ஒரே பதிவா எழுதிடலாம்னு உட்கார்ந்திருக்கேன். கொஞ்சம் நீளம்தான், டீ போட்டுக்கிட்டு வந்து படிங்க :-)

முதல் கேள்விக்கு முதல்ல பதில். எங்க தொட்டியில பவளப்பாறை கிடையாது. ஒரு துண்டு கூட கிடையாது. போட்டோவில பச்சையும் ஆரஞ்சுமா பொத்தான் பொத்தானா தெரியறது ஸோவாந்திட்னு ஒரு உயிரினம். அதுக்குப் பக்கத்துல தட்டையா விரிஞ்சு கிடக்கறதை காளான் பாலிப்னு சொல்வாங்க. ரெண்டுமே பவளத்துக்குச் சித்தப்பா பெரியப்பா பிள்ளைங்க. அதே மாதிரி வாய், அதே மாதிரி கொட்டற செல், உடம்புக்குள்ள அதே மாதிரி பாசி. ஒரே ஒரு வித்தியாசம், பவளம் மாதிரி சுண்ணாம்பு எலும்புக்கூடு கட்டாது. ரெண்டையும் சென்னையில தொட்டி வெச்சிருக்கற ஒரு நண்பர் தன்னோட தொட்டியில பெருகினதிலிருந்து பிச்சுக் கொடுத்தார். கடல்ல இருந்து எடுத்தது இல்லை.

ஏன் நிஜப் பவளம் இல்லைன்னா, நம்ம நாட்டுல அது புலி, யானை வரிசையில இருக்கு. ஜோக் அடிக்கலைங்க. 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணையில 2001-ல பவளங்களைச் சேர்த்தாங்க. பாறை கட்டற பவளம் அத்தனையும், கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், ஆர்கன் பைப் பவளம், கடல் விசிறி எல்லாம் அதுல அடக்கம். கூடவே கடல் குதிரை, கடல் அட்டை. உசிரோட வெச்சிருந்தாலும் குத்தம், செத்து வெள்ளையா காய்ஞ்சு கிடக்கறதை வெச்சிருந்தாலும் குத்தம். ராமேஸ்வரம் டூர் போனப்போ வாங்கினதுன்னு ஷோகேஸ்ல வெள்ளைப் பவளம் வெச்சிருக்கற வீடுகள் நம்ம பக்கம் எத்தனை இருக்குன்னு எனக்குத் தெரியும். அவங்களுக்கு இது தெரியாது.

நகைக்கடைப் பவழம் வேற கதை, குழப்பிக்காதீங்க. அது பெரும்பாலும் மத்தியதரைக் கடல்ல, வெளிச்சம் குறைஞ்ச இடத்துல வளர்ற செம்பவழம். அது பாறை கட்டாது. பட்டினப்பாலையில பூம்புகார்த் துறைக்கு கிழக்குக் கடல் பவழம் வந்து இறங்கினதா ஒரு பட்டியல் வரும். பூம்புகார் சிதம்பரத்துக்குத் தெற்கே கொஞ்ச தூரம்தான். அந்தக் காலத்துலேயே நம்ம கரைக்குப் பவழம் இறக்குமதி சரக்குதான், பாருங்க.

இங்க கடல் இருக்கு, பவளம் இல்லை. ஏன்னு கேட்டா மேப்பை எடுத்துப் பாருங்க. கடலூர்ல ஆரம்பிச்சு சிதம்பரம் தாண்டுற வரைக்கும் சுமார் 50 கிலோமீட்டர் கரை. அதுக்குள்ள தென்பெண்ணை, கெடிலம், உப்பனாறு, பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம்னு இத்தனை ஆறுகள் வந்து கொட்டுது. ஐப்பசி கார்த்திகையில சில்வர் பீச்ல நின்னு பார்த்தீங்கன்னா கடல் டீ கலர்ல இருக்கும். பவளத்துக்குப் பிடிக்காதது ரெண்டு, நல்ல தண்ணியும் வண்டலும். வண்டல் மேல படிஞ்சா வாயை மூடிக்கும், வெளிச்சமும் போயிடும். நம்ம கரையில அந்த ரெண்டுக்கும் பஞ்சமே இல்லை. அதனாலதான் வெள்ளாத்துக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவுல பிச்சாவரத்துல சேத்தை விரும்பற சுரபுன்னைக் காடு வந்துச்சு, பவளம் வரலை. பவளம் பார்க்கணும்னா தெற்கே பாக் விரிகுடா, மன்னார் வளைகுடான்னு போகணும். ஒண்ணு இருக்கற இடத்துல இன்னொண்ணு இருக்காதுங்கறது நியாயம்தான். எனக்கென்னமோ இதுல கொஞ்சம் வருத்தம் உண்டு.

இந்த விஷயம் தொட்டிக்கும் பொருந்தும். சென்னை, பெங்களூர்ல இருக்கறவங்க உப்புப் பொடி வாங்கிக் கரைச்சு கடல் தண்ணி தயார் பண்றாங்க. நமக்குக் கடல் பக்கத்துல. ஆனா எந்த மாசம் எடுக்கறோம்ங்கறது முக்கியம். ஒரு தடவை கார்த்திகை மாசம் கரையோரத் தண்ணியை எடுத்து அளந்து பார்த்தேன், அடர்த்தி 1.017. தேவை 1.025. சித்திரையிலிருந்து ஆடி வரைக்கும் எடுத்தா கிட்டத்தட்ட சரியா இருக்கும். அதையும் கரையில மொண்டு எடுக்கக் கூடாது, ஆத்துத் தண்ணி கலக்காத தூரத்துக்குப் போகணும். தேவனாம்பட்டினத்துல ஒரு அண்ணன் ஃபைபர் போட் வெச்சிருக்கார். வலை இழுத்துட்டுத் திரும்பும்போது தண்ணி தெளிவா இருக்கற இடத்துல 5 கேன் பிடிச்சுட்டு வருவார். "மீனை வாங்கறவனைப் பார்த்திருக்கேன், கருவாடு வாங்கறவனைப் பார்த்திருக்கேன், கடலையே காசு கொடுத்து வாங்கற மொத ஆளு நீதான் தம்பி"ன்னார் முதல் தடவை. அந்தத் தண்ணியை நீல டிரம்ல ஊத்தி, மூடி, 3 வாரம் இருட்டுல வெச்சுடுவேன். மிதக்கற சின்ன உசிருங்க எல்லாம் செத்து அடியில படியும். மேல இருக்கற தெளிவை மட்டும் எடுத்துக்கணும்.

தொட்டி 4 அடி நீளம், சுமார் 250 லிட்டர். உள்ளே இருக்கற பாறை சிமென்ட். ஆமாங்க, சிமென்டுல மணலும் உடைச்ச கிளிஞ்சலும் கல் உப்பும் கலந்து நானே அச்சு எடுத்தது. உப்பு பிறகு கரைஞ்சு போய் ஓட்டை ஓட்டையா நிக்கும். சிமென்டோட காரம் இறங்கணுமே, அதுக்காக நல்ல தண்ணியில மாசக்கணக்குல ஊறப்போட்டு வாரா வாரம் தண்ணி மாத்தினேன். பாத்ரூமில பெரிய பிளாஸ்டிக் தொட்டி அடைச்சுக்கிட்டு இருந்த அந்த மாசங்களைப் பத்தி தங்கமணி சொன்னது எதையும் இங்க எழுத முடியாது. கடைகளில் 'லைவ் ராக்'னு விக்கறது பெரும்பாலும் கடல்ல இருந்து பேர்த்தெடுத்த பவளப் பாறைதான். அதனால இந்தச் சிமென்ட் வேலை.

சரி, மேட்டருக்கு வருவோம். பவளம் என்ன சாப்பிடும்?

இது ஒரு விசித்திரமான குடும்பம். பவளப் பாலிப்போட தசைக்குள்ள ஸூசாந்தெல்லேன்னு ஒரு செல் பாசி குடியிருக்கும். பகல்ல வெயில்ல அது சமைக்கும், சமைச்சதுல பெரும்பங்கை வீட்டுக்காரருக்குக் கொடுத்துடும். பல பவளங்களுக்கு வேண்டிய சக்தியில 90 சதவீதம் வரைக்கும் இந்தச் சமையல்லேர்ந்தே வருதுங்கறாங்க. வீட்டுக்காரர் பதிலுக்கு விடற கழிவு பாசிக்கு உரம். ஆனா அந்தச் சமையல்ல இருக்கறது முக்காவாசி சர்க்கரையும் கொழுப்பும். வெறும் சோறு மாதிரி. உடம்பு வளரணும்னா நைட்ரஜன், பாஸ்பரஸ் வேணும் இல்லையா? அதுக்கு ராத்திரியில வேட்டை. இருட்டினதும் கைகளை நீட்டி, தண்ணியில போற மிதவை உயிரினங்களைக் கொட்டிப் பிடிச்சு வாய்க்குள்ள தள்ளும். பகல்ல விவசாயி, ராத்திரியில வேட்டைக்காரன்.

எங்க ஸோவாந்திட்டும் அதே ஜாதிதான். பெரும்பாலும் வெளிச்சத்துலேயே ஓட்டிடும். ஆனா வாரத்துக்கு ரெண்டு தடவை சாப்பாடு கொடுத்தா வளர்ச்சியில நல்லாவே வித்தியாசம் தெரியுது. பம்ப்பை நிறுத்திட்டு, ஊசி கழட்டின சிரிஞ்சால ஒவ்வொரு பொத்தான் மேலேயும் லேசா விடுவேன். 2 நிமிஷத்துல பொத்தான் பை மாதிரி சுருங்கி மூடிக்கும். பொண்ணு சின்ன வயசுல இதுக்கு "சுருக்குப்பை"ன்னு பேர் வெச்சா. வீட்டுல இன்னைக்கும் அதுதான் பேர். (எச்சரிக்கை: சில ஸோவாந்திட்கள்ல பாலிடாக்சின்னு கொடிய விஷம் உண்டு. வெறும் கையால தொடாதீங்க, வெட்டும்போது கண்ணாடி போட்டுக்கோங்க, அது ஒட்டின கல்லை வெந்நீர்ல போடவே போடாதீங்க. அந்த ஆவியை சுவாசிச்சு ஆஸ்பத்திரிக்குப் போன குடும்பங்கள் வெளிநாட்டுல உண்டு.)

இனி மெனு. கடைசியா கொடுக்கறதுல இருந்து ஆரம்பிக்கறேன், ஏன்னா அதுதான் சுலபம். சென்னாக்குன்னி. கடலூர்க்காரங்களுக்கு விளக்க வேண்டாம். மத்தவங்களுக்கு: விரல் நகத்தை விடக் கொஞ்சம் பெரிசா, கண்ணாடி மாதிரி இருக்கற குட்டி இறால் வகை. காய வெச்சுப் பொடி பண்ணி சோத்துல போட்டா... வேண்டாம், பசிக்குது. முதுநகர் மார்க்கெட்ல பச்சையா கிடைக்கற அன்னைக்கு அரை கிலோ வாங்கி, அலசி, பொடிப்பொடியா நறுக்கி, ஐஸ் தட்டுல ஊத்தி உறைய வெச்சுடுவேன். ஒரு கட்டி ஒரு வேளைக்கு. உப்புப் போட்டுக் காய வெச்சதை மட்டும் போடாதீங்க. ஃப்ரிட்ஜ்ல என் தட்டுக்குத் தனி அறை ஒதுக்கினது ரெண்டு வருஷ பேச்சுவார்த்தைக்கு அப்புறம்தான். அதுக்கு முன்னாடி ஒரு தடவை விருந்தாளிக்கு வெச்ச ரஸ்னாவில... சரி விடுங்க.

ஆனா காளான் பாலிப்புக்கும் மீன் குஞ்சுகளுக்கும் அது பெரிய உருண்டை. அதுக்கு ஆர்டீமியா. டப்பாவில பழுப்புத் தூள் மாதிரி இருக்கும், அத்தனையும் உறங்கற முட்டை. உலகத்துக்கே பெரும்பங்கு அமெரிக்காவுல யூட்டா மாநிலத்துப் பெரிய உப்பு ஏரியிலேர்ந்து போகுது. நம்ம தூத்துக்குடி உப்பளத்துலயும் ஆர்டீமியா உண்டு. ரெண்டு லிட்டர் கூல்டிரிங்க் பாட்டிலோட அடியை வெட்டி, தலைகீழாத் தொங்கவிட்டு, கடல் தண்ணி ஊத்தி, ஒரு அரை ஸ்பூன் முட்டை போட்டு, கீழேர்ந்து காத்து விடணும். 28 டிகிரி இருந்தா 24 மணி நேரத்துக்குள்ள பொரிச்சுடும். நம்ம ஊர்ல 28 டிகிரிக்கு ஹீட்டர் தேவையில்லைங்கறது இந்தப் பொழுதுபோக்குல நமக்கு இருக்கற ஒரே சலுகை. காத்தை நிறுத்தி, கீழே ஒரு டார்ச் வெச்சா, குஞ்சுங்க வெளிச்சத்தைத் தேடிக் கூட்டமா கீழே வரும், தோடு மேல மிதக்கும். ஆரஞ்சுக் கலர்ல ஒரு மேகம் மாதிரி. பொரிச்ச சில மணி நேரத்துக்குள்ள போட்டுடணும். அப்பதான் வயித்துல மஞ்சள் கரு இருக்கும். நேரம் ஆக ஆக அது கரைஞ்சு வெறும் தோல்தான் மிஞ்சும்.

அதைவிடச் சின்னது ரோட்டிஃபர். அதை உசிரோட வெச்சிருக்க பச்சைத் தண்ணி வளர்க்கணும், அதாவது கண்ணுக்குத் தெரியாத கடல் பாசி. பாசியை ரோட்டிஃபர் தின்னும், ரோட்டிஃபரை குஞ்சு தின்னும். ஒரு தொட்டியைப் பார்க்க வர்றவங்களுக்குத் தெரியறது நாலு பொத்தானும் ரெண்டு மீனும். கொல்லையில வரிசையா நிக்கற 9 பாட்டிலை யாரும் பார்க்கறதில்லை. என்னைக் கேட்டா நிஜமான தொட்டி அந்தப் பாட்டில்கள்தான்.

பச்சைத் தண்ணிக்கு விதை எங்கேர்ந்து வந்துச்சுன்னா, பரங்கிப்பேட்டை. 1781-ல ஹைதர் அலி ஆங்கிலேயர்கிட்ட தோத்த அதே போர்ட்டோ நோவோ. வெள்ளாறு கடல்ல சேர்ற இடத்துல அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோட கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கு. நான் அப்போ தினமும் கடலூர்லேர்ந்து சிதம்பரத்துக்கு வேலைக்குப் போய் வந்துட்டிருந்தேன். ரயில்ல பரங்கிப்பேட்டை, கிள்ளை, சிதம்பரம்னு ஸ்டேஷன் வரும். அதே பெட்டியில வழக்கமா வர்ற ஒரு ஆராய்ச்சி மாணவர்கிட்ட பேச்சுக் கொடுத்ததுல, ஒருநாள் தண்ணி பாட்டில்ல பச்சையா ஒரு லிட்டர் கொண்டு வந்து கொடுத்தார். எதிர் சீட்டுப் பெரியவர் ரொம்ப நேரம் அதையே பார்த்துட்டு, "என்ன தம்பி, நிலவேம்பா? அருகம்புல்லா?"ன்னார். கடல் பாசின்னு சொன்னேன். "சுகருக்கு நல்லதா?"ன்னார் :-)

அந்த மையத்துல நடந்த ஒரு வேலையை நம்ம ஊர்க்காரங்க நிறையப் பேர் கேள்விப்பட்டதே இல்லை. நீமோ படம் 2003-ல வந்ததுக்கு அப்புறம் உலகம் பூராவும் கோமாளி மீன் ஆசை பிடிச்சு ஆட்டிச்சு. கடல்ல பிடிச்சு விக்கறதுக்குப் பதிலா குஞ்சு பொரிக்க வைக்கலாமான்னு பல இடத்துல முயற்சி பண்ணாங்க. பரங்கிப்பேட்டையில அஜித் குமார், பாலசுப்பிரமணியன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் அதை முகத்துவாரத் தண்ணியிலேயே பண்ணிக் காட்டினாங்க. 2009-ல கரண்ட் சயின்ஸ் இதழ்ல கட்டுரையா வந்துச்சு. பவளக் கடல்ல பிறக்கற மீன், பவளமே இல்லாத நம்ம வெள்ளாத்துத் தண்ணியில முட்டை போட்டு குஞ்சு பொரிச்சது எனக்கு இன்னைக்கும் ஆச்சரியம்தான்.

எங்க வீட்டு ஜோடியும் தொட்டியில பிறந்த ஜாதி. கோமாளி மீன் எல்லாமே ஆணாத்தான் வாழ்க்கையை ஆரம்பிக்கும். கூட்டத்துல பெரிசு எதுவோ அது பெண்ணாயிடும். எங்க அம்மணி ஒரு உடைஞ்ச ஓட்டு மேல வரிசையா முட்டை ஒட்டும். ஐயாதான் காவல், ஐயாதான் விசிறி. ஒரு வாரம் கழிச்சு விளக்கணைச்ச கொஞ்ச நேரத்துல பொரிக்கும். முதல் ரெண்டு தடவை குஞ்சுங்க 3 நாள், 4 நாள்தான் தாங்குச்சு. மூணாவது தடவை ரோட்டிஃபர் அடர்த்தியா இருந்துச்சு, 11 குஞ்சு வெள்ளைப் பட்டை போடற அளவுக்கு வந்துச்சு. பொண்ணு பத்தாம் வகுப்புப் பரிட்சைக்குப் படிக்கறதை விட்டுட்டு எண்ணிக்கிட்டே இருந்தா.

இதெல்லாம் நல்லா ஓடறப்போ பேசற கதை. 2011 டிசம்பர் 30 விடியக்காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரையேறிச்சு. அன்னைக்கு இங்க இருந்தவங்களுக்கு நான் சொல்லணுமா? பண்ருட்டிப் பக்கம் பலா, முந்திரி எல்லாம் வேரோட சாஞ்சு கிடந்துச்சு. எங்க தெருவுல கரண்ட் கம்பம் ஒண்ணு கூட நிக்கலை. இன்வெர்ட்டர் மதியம் வரைக்கும் வந்துச்சு. அதுக்கப்புறம் 9 நாள் இருட்டு.

கரண்ட் போனா கடல் தொட்டியில முதல்ல கொல்றது இருட்டு இல்லை, பசியும் இல்லை. மூச்சு. உப்புத் தண்ணியில ஆக்சிஜன் கரையறது நல்ல தண்ணியை விடக் குறைவு. தண்ணி ஓட்டம் நின்னா கல்லு இடுக்குல இருக்கற நல்ல பாக்டீரியா மூச்சு முட்டிச் செத்து, அம்மோனியா ஏறி, மீன் போய், பின்னாடியே எல்லாம் போகும். சாப்பாட்டை உடனே நிறுத்தினோம். பேட்டரியில ஓடற சின்ன காத்து பம்ப் ஒண்ணு இருந்துச்சு, அதுக்கு செல் வாங்க மூணாம் நாளே கடையில கிடைக்கலை. அப்புறம் சொம்புதான். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஒரு அடி உயரத்துலேர்ந்து மொண்டு மொண்டு ஊத்தணும், நூறு சொம்பு. ராத்திரி முறை வெச்சுக்கிட்டோம். 12 மணி நான், 1 மணி என் தம்பி, 2 மணி தங்கமணி. வீட்டுல குடிக்கவே தண்ணி லாரிக்கு வரிசையில நிக்கறோம், ஊர் பூரா கூரை இல்லாம கிடக்கு, இதுல மீன் தொட்டிக்கு ராத்திரி முழிப்பான்னு எதிர் வீட்டு அக்கா கேட்டாங்க. பதில் சொல்ல ஒண்ணும் இல்லை. அவங்களே அஞ்சாம் நாள் வந்து, "நீங்க போய் படுங்க தம்பி, நான் ஊத்தறேன்"ன்னு சொம்பை வாங்கிக்கிட்டாங்க.

மீன் ரெண்டும் பொழச்சுது. சுருக்குப்பைகள்ல மூணுல ஒரு பங்கு கரைஞ்சு போச்சு. காளான் எல்லாம் வெளுத்துச் சுருங்கி, உள்ளே இருந்த பாசியைத் துப்பிட்டு கண்ணாடி மாதிரி நின்னுச்சு. திரும்ப நிறம் வர 4 மாசம் ஆச்சு. அந்த 4 மாசமும் பகல் சமையல் கிடையாது இல்லையா, அதனால ஒவ்வொண்ணுக்கும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆர்டீமியா ஊட்டினோம். சாப்பாடு கொடுத்து வெளுத்ததைத் தேத்தலாம்ங்கறதை நான் புத்தகத்துல படிக்கறதுக்கு முன்னாடி இப்படித்தான் பார்த்தேன்.

வெளுக்கறதுன்னு சொன்னேன். கடல்ல இதைக் கிளப்பறது பெரும்பாலும் சூடு. வழக்கமான கோடை உச்சத்தை விட 1, 2 டிகிரி கூடுதலா சில வாரம் நீடிச்சா போதும், பவளம் பாசியை வெளியே தள்ளிடும். மன்னார் வளைகுடாவில 2010-ல நடந்துச்சு, 2016-ல இன்னும் மோசமா நடந்துச்சு. அந்த ஒரு வருஷத்துல அங்க உயிர்ப் பவளத்தோட பரப்பு சுமார் 39 சதவீதத்திலேர்ந்து 23 சதவீதத்துக்கு இறங்கிச்சுன்னு தூத்துக்குடியில இருக்கற சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்துக்காரங்க கணக்கு எடுத்துச் சொன்னாங்க. எங்க தொட்டியில மே மாசம் ரெண்டு மேசை விசிறியைத் தண்ணி மேல திருப்பி விட்டா 3 டிகிரி குறைஞ்சுடும். ஒரு நாளைக்கு 4 லிட்டர் ஆவியாகும், அதுக்கு நல்ல தண்ணி ஊத்தணும் (உப்புத் தண்ணி ஊத்திடாதீங்க, உப்பு ஆவியாகறதில்லை). மன்னார் வளைகுடாவுக்கு யார் விசிறி வைக்கறது?

அதே தூத்துக்குடிக்காரங்க 2002-லேர்ந்து கடலுக்குள்ளேயே பவளம் நடறாங்க. ஒடிஞ்ச கிளைகளை எடுத்து, சிமென்ட் சட்டத்துல கட்டி, கடலடியில வைக்கறது. நாத்து நடற மாதிரி. நான் வீட்டுல பண்றதுக்கும் அதுக்கும் தொழில் ஒண்ணுதான், ஆனா அவங்க தொட்டிக்கு சுவர் கிடையாது.

நட வேண்டிய நிலைமை ஏன் வந்துச்சுன்னா அதுக்கு சூடு மட்டும் காரணம் இல்லை. சுண்ணாம்பு. ரொம்ப வருஷமா அந்தப் பக்கம் பவளத்தை வண்டி வண்டியா வெட்டி எடுத்து, கட்டடத்துக்கும் சூளைக்கும் அனுப்பினாங்க. 2000-களின் நடுவிலதான் அது நின்னுச்சு. 21 தீவுகள்ல பூவரசன்பட்டி, விலங்குசல்லின்னு ரெண்டு தீவு தண்ணிக்குள்ள போனதுக்கு இந்த வெட்டு ஒரு முக்கியக் காரணம். நம்ம பக்கம் சூளைக்குக் கிளிஞ்சல் கிடைச்சுது, அதனால அந்தப் பாவம் நம்ம கணக்குல இல்லை.

வேடிக்கை என்னன்னா, தொட்டியில பவளம் வளர்க்கறவங்க அதுக்கு ஊத்தற முக்கியமான டானிக்கே சுண்ணாம்புத் தெளிநீர்தான். ஜெர்மன்காரங்க பழக்கி விட்டது. கால்க்வாசர்னு சொல்வாங்க, அப்படியே தமிழ்ப்படுத்தினா சுண்ணாம்புத் தண்ணி. ஒரு லிட்டர் தண்ணியில ஒன்றரை கிராம் சுத்தமான சுண்ணாம்பு போட்டு, கலக்கி, படிய விட்டு, மேல் தெளிவை ராத்திரி சொட்டு சொட்டா விடணும். வேகமா விட்டா காரம் ஏறி எல்லாம் போயிடும். பவளம் அதுலேர்ந்து கால்சியம் எடுத்து எலும்பு கட்டும். அங்க பவளத்தை எரிச்சு சுண்ணாம்பு ஆக்கினாங்க, இங்க சுண்ணாம்பைக் கரைச்சு பவளம் ஆக்கறாங்க. எங்க தொட்டியில எலும்பு கட்டற பவளம் இல்லைன்னாலும், சிமென்ட் பாறை மேல ஊதாக் கலர்ல படர்ற கோரலைன் பாசிக்கு இது வேணும். வாரத்துக்கு ஒரு லிட்டர் போதும். லேப் சுண்ணாம்புதான் வாங்கணும், வெத்திலைச் சுண்ணாம்பு வேண்டாம்னு பொண்ணுகிட்ட சொன்னேன். "பாட்டி மட்டும் சாப்பிடலாமா?"ன்னா.

2014-ல ஒரு நாள் போன் வந்துச்சு. யாரோ என் நம்பரைக் கொடுத்திருக்காங்க. "சார், மூளைப் பவளம் ஒண்ணு இருக்கு, உசிரோட. தலை அளவு. பவளக் கடல் பக்கத்துச் சரக்கு. ஐஸ் பெட்டியில போட்டு ராத்திரி பஸ்ல ஏத்தி விட்டுடறேன், காலையில கடலூர் பஸ் ஸ்டாண்டுல எடுத்துக்கங்க"ன்னார். விலை கேட்காமலே சொன்னார், என் ஒரு மாச பெட்ரோல் செலவு கூட இல்லை. மறைக்காம சொல்றேன், ஒரு நிமிஷம் போன் கையிலேயே இருந்துச்சு. தொட்டியில எந்த இடத்துல வெச்சா அழகா இருக்கும்னு கூட மனசுக்குள்ள ஓடிச்சு. அப்புறம் கணக்குப் போட்டேன். அந்த மாதிரி உருண்டைப் பவளம் வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தா பெரிய விஷயம். தலை அளவுன்னா நடுவிலேர்ந்து வெளியே 8, 9 சென்டிமீட்டராவது இருக்கும். 2004 சுனாமிக்கு முன்னாடியே முளைச்சது. 2010 சூட்டுல வெளுத்து, பொழச்சு, திரும்ப நிறம் பிடிச்சது. அதை ஒரு உளியில பேர்த்து, ஐஸ் பெட்டியில கடலூர் பஸ் ஸ்டாண்டுல இறக்கறதா? வேண்டாம்னு சொல்லிட்டு, சட்டத்தையும் சொன்னேன். "சட்டம் எல்லாம் பெரியவங்களுக்கு சார்"ன்னு வெச்சுட்டார். அந்தத் துண்டு என்ன ஆச்சுன்னு எனக்கு இன்னைக்கும் அவ்வப்போது தோணும். வேற யாரோ வாங்கியிருப்பாங்க, வேறென்ன.

இந்த இடத்துல நண்பர்கள் சண்டைக்கு வருவீங்க, தெரியும். "இந்தோனேசியாவில பவளத்தைத் துண்டு போட்டு, பண்ணையில வளர்த்து, உலகம் பூரா விக்கறாங்க. பண்ணைப் பவளம் கிடைச்சா கடல்ல எவன் பேர்க்கப் போறான்? நம்ம சட்டம் பண்ணையையும் சேர்த்துக் கட்டிப் போட்டிருக்கே"ன்னு. இந்த வாதத்துல நிறைய உண்மை இருக்கு. பரங்கிப்பேட்டையில மீனுக்குப் பண்ணினதைப் பவளத்துக்கும் உரிமம் கொடுத்து, கணக்கு வெச்சு, நம்ம கரையில பண்ணலாம்னுதான் நானும் நினைக்கறேன். மே மாச வெயிலும் ஆர்டீமியாவும் பச்சைத் தண்ணியும் நம்மகிட்ட இருக்கு. ஆனா அது வர்ற வரைக்கும் 'பண்ணைச் சரக்கு'ன்னு சொல்லி விக்கறதுல எது பண்ணை, எது உளின்னு வாங்கறவனுக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரியாது. அதனால வாங்கறதில்லை. பின்னூட்டத்துல கும்மலாம், வாங்க.

ஆரம்பிக்கணும்னு கேட்டவங்களுக்கு: முதல்ல தொட்டி வாங்காதீங்க. ரெண்டு பாட்டில் வாங்குங்க. ஒண்ணுல பச்சைத் தண்ணி, இன்னொண்ணுல ஆர்டீமியா. மூணு மாசம் அதை உசிரோட வெச்சிருக்க முடிஞ்சா அப்புறம் கண்ணாடிக்காரரைப் பார்க்கலாம். பச்சைத் தண்ணி விதை வேணும்ங்கறவங்க கடலூர் வந்தா தர்றேன், பாட்டில் நீங்களே கொண்டு வாங்க. ரயில்ல கேட்டா அருகம்புல்னு சொல்லிக்கங்க.

ஊற வெச்சு 22 மணி நேரம் ஆச்சு, பாட்டில்ல ஆரஞ்சு தெரியுது. போய் வடிக்கணும். வர்றேன்.